அந்த வீட்டில் ஓர் ஆண் இருக்கிறான்!

"அப்படி ஒருத்தனே இல்ல!"

கார்லீன் அலறினாள்.

அந்த அலறல் கண்ணாடிக் கதவைத் தாண்டிப் போய், வெளியே வரிசையில் காத்திருந்தவர்களின் காதுகளில் விழுந்தது. ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. உதவித்தொகை அலுவலகத்தில் அலறல் என்பது ஃபேன் ஓடுகிற சத்தம் மாதிரி. நின்றால்தான் கவனிப்பார்கள்!

மேஜைக்கு எதிர்ப்பக்கம் ஹோல்ராய்ட். மோசடித் தடுப்பு அதிகாரி. நரைத்த மீசை, கழுத்தை இறுக்கிய டை. அவருக்குப் பக்கத்தில் ஒலிப்பதிவுக் கருவி சிவப்புக் கண்ணோடு விழித்துக்கொண்டிருந்தது.

"கத்தாதீங்க மிஸ் ஸ்டப்ஸ். எல்லாம் பதிவாகுது."

"பதிவாகட்டும் சார்! நல்லா பதிவாகட்டும்! என் வீட்டுல இருக்கறது நான், என் பொண்ணு பெத்தனி, பையன் லூயி. அவ்ளோதான். ஆம்பளைன்னு பார்த்தா லூயி ஒருத்தன். அவனுக்கு இன்னும் பால்பல்லே விழலை!"

"கெல்வின் மாசன்." ஹோல்ராய்ட் பெயரை மட்டும் சொன்னார்.

"யாருன்னே தெரியாது."

"கடன் வாங்கறவங்க விவரத்தையெல்லாம் திரட்டி வைக்கறதுக்குன்னே கம்பெனிங்க இருக்கு. யார், எந்த விலாசம், என்ன கடன், ஒழுங்கா கட்டறாரா... எல்லாம். அவங்க பட்டியலையும் எங்க பட்டியலையும் கம்ப்யூட்டர் ஒப்பிட்டுப் பார்க்கும். 'நான் தனியா இருக்கேன்'னு சொல்லி உதவி வாங்கறவங்க விலாசத்துல இன்னொரு ஆள் தெரிஞ்சா... மணி அடிக்கும். உங்களுக்கு அடிச்சிருக்கு."

"என்ன தெரிஞ்சுது?"

"வாக்காளர் பட்டியல்ல உங்க விலாசத்துல அவர் பேர். மொபைல் இணைப்பு. கடன் அட்டை. தவணைல வாங்கின சோபா."

"சோபாவா? என் வீட்டு சோபாவை வந்து பாருங்க சார். ஒரு கால் கிடையாது. செங்கல் மேல நிக்குது!"

ஹோல்ராய்டின் மீசை அசையவில்லை.

"சரி... அந்தாளுக்கு என்ன வயசு? அதையாவது சொல்லுங்க."

"சொல்ல முடியாது. அது அவரோட அந்தரங்கத் தகவல். சட்டப்படி பாதுகாக்கப்பட்டது."

கார்லீன் அவரையே பார்த்தாள்.

"என் பக்கத்துல படுத்துத் தூங்கறான்னு சொல்றீங்க... வயசு மட்டும் ரகசியமா?"

"முந்தி குடியிருந்தவரா இருந்தா, வீட்டுச் சொந்தக்காரர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க. எப்ப காலி பண்ணார், எங்க போனார்னு. வெள்ளிக்கிழமைக்குள்ள."

"இல்லன்னா?"

"இப்ப நிறுத்தி வெச்சிருக்கற உதவித்தொகை மொத்தமா ரத்து. இதுவரைக்கும் வாங்கினதைத் திருப்பிக் கட்டணும். வழக்கு வரும். குழந்தைகள் நலத் துறைக்கும் தகவல் போகும்."

"என் குழந்தைங்களைக் கொண்டு போயிடுவாங்களா?"

ஹோல்ராய்ட் காகிதங்களை அடுக்கினார்.

அந்தச் சரசரப்பும் பதிவானது.

* * *

மீன்பிடித் துறைமுகமான கிரிம்ஸ்பியில் கார்லீனின் தெரு முழுக்க, ஒன்றோடு ஒன்று தோளுரசி நிற்கும் செங்கல் வீடுகள். அன்று பிற்பகல் கடலிலிருந்து எழுந்து வந்த மூடுபனி வீட்டு எண்களையெல்லாம் அழித்துக்கொண்டிருந்தது. எல்லா வீடும் ஒரே வீடு மாதிரி... எந்தக் கதவைத் திறந்தாலும் ஒரே வாழ்க்கை இருக்கும் மாதிரி...

கார்லீன் தன் கதவைத் திறந்தாள்.

உள்ளே குளிர். காசு போட்டால் மட்டும் ஓடும் மின்மீட்டர், கடைசி மூச்சில் இருந்தது. மீன் ஃபேக்டரியில் அரை நாள் வேலை செய்து வரும் கூலி வாடகைக்கே காணாது. மீதியெல்லாம் உதவித்தொகைதான். அது வராமல் போனதிலிருந்து குளிர்சாதனப் பெட்டியில் வெளிச்சம் மட்டுமே மிச்சம்.

ஆனால் சமையலறையிலிருந்து வாசனை வந்தது. சூடான இறைச்சியும் உருளைக்கிழங்கும்!

"வந்துட்டியா கண்ணு? பொடிசுங்க பசின்னு சொல்லிச்சுங்க. கறியை மாவுல பொதிஞ்சு சுட்டு எடுத்தாந்தேன்."

பேர்ல் ஆட்கின். வீட்டுச் சொந்தக்காரி. பக்கத்து வீட்டிலேயே குடியிருக்கிறாள். பஞ்சு மாதிரி வெள்ளை முடி, கையில் எப்போதும் பின்னல் ஊசி. பள்ளிக்கு விடுமுறை என்பதால் குழந்தைகளை அவள்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். லூயி மூக்குவரை குழம்போடு சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"மேல போய் விளையாடுங்க ரெண்டு பேரும்," என்றாள் கார்லீன்.

போனார்கள்.

"மிஸஸ் ஆட்கின்... கெல்வின் மாசன்னு இங்க யாராவது குடியிருந்தாங்களா?"

பின்னல் ஊசி ஒரு கணம் நின்றது. மறுபடி ஓடியது.

"உனக்கு முந்தி இருந்தான். மீன்பிடிக் கப்பல்ல வேலை பார்த்து முதுகு போனவன். ஸ்காட்லாந்துல தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டான். அவன் லெட்டரைத்தானே நீ வாராவாரம் எங்கிட்ட குடுக்கற? நான்தானே அனுப்பி வெக்கறேன்?"

கார்லீன் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

ஆமாம்! முந்தைய குடித்தனக்காரருக்கு வரும் தபாலை என்ன செய்ய வேண்டும் என்று அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். உறையின் மேல் 'இங்கே இல்லை' என்று எழுதித் திரும்பத் தபால் பெட்டியில் போட வேண்டும். யார் செய்கிறார்கள்? அவள் அந்த உறைகளில் இருந்த பெயரைக்கூடப் படித்ததில்லை. வாடகை வாங்க வரும் பேர்லிடம் கட்டாகத் தூக்கிக் கொடுத்துவிடுவாள். எழுதிப் போட்டிருந்தால் என்றைக்கோ அந்தப் பெயர் அந்த விலாசத்திலிருந்து கழன்றிருக்கும்.

"அப்ப பிரச்சினையே இல்ல! அவர் காலி பண்ணிட்டாருன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. தங்கச்சி விலாசத்தையும் போட்டுடுங்க."

"அதெல்லாம் வேண்டாம்மா."

"என்னது?"

"சர்க்கார் ஆளுங்ககிட்ட எழுத்துல எதுவும் குடுக்கறதில்ல. என் வீட்டுக்காரர் இருந்தப்பவே அப்படித்தான்."

"மிஸஸ் ஆட்கின்! என் குழந்தைங்களைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க!"

"அப்படியெல்லாம் ஆகாது கண்ணு. சும்மா மிரட்டுவானுங்க."

அவள் சொல்லி வாய் மூடுவதற்குள்...

'டொக்! டொக்! டொக்!'

வாசல் கதவு.

* * *

பெவ் நின்றிருந்தாள். அந்தத் தெருவுக்கே பார்சல் கொண்டு வருபவள். பெரிய உடம்பு, சின்னக் கார். கார் முழுக்கப் பெட்டிகள்.

"கார்லீன், செல்லம், ஒரு கையெழுத்துப் போடு. கெல்வின் மாசனுக்கு பார்சல். எப்பவும் பக்கத்து வீட்டு அம்மாதான் வாங்குவாங்க. அங்க தட்டினேன், யாரும் காணோம்."

கார்லீன் கையெழுத்துப் போடக் கை நீட்டவில்லை.

"அந்தாளு... இங்க இல்லயே பெவ்."

"இல்லயா? கொஞ்சம் இரு. அட்டைப் பெட்டி மேலயே அவர் நம்பர் இருக்கு. கேட்டுடறேன்."

"பண்ணு! பண்ணு!"

பெவ் தன் செல்போனில் எண்ணை அழுத்தினாள். இருவரும் காத்திருந்தார்கள்.

எங்கோ ஒரு போன் அடித்தது.

வெகு தூரத்தில் அல்ல... ஸ்காட்லாந்தில் அல்ல...

சமையலறையில்!

கார்லீன் மெல்லத் திரும்பினாள். நாற்காலியின் முதுகில் தொங்கிய பேர்லின் கைப்பை, உயிருள்ள பிராணி போல அதிர்ந்து அதிர்ந்து ஒலித்தது.

பேர்ல் எழுந்தாள். அவசரமே இல்லாமல் பைக்குள் கை விட்டாள். சத்தம் நின்றது.

"எடுக்க மாட்டேங்கறாரு," என்றாள் பெவ், தன் போனைப் பார்த்தபடி. "சரி, உன்கிட்டயே விட்டுட்டுப் போறேன் செல்லம். இன்னும் அரை ஊர் பாக்கி இருக்கு."

"பெவ்... இரு..."

கார் கிளம்பிவிட்டது. மூடுபனி அதை விழுங்கியது.

"கதவைச் சாத்து கண்ணு." உள்ளேயிருந்து குரல் வந்தது. "குளிர் வருது."

* * *

"அவர் போன் உங்ககிட்ட ஏன் இருக்கு?"

"பேங்க்ல இருந்து அதுலதான் கூப்பிடுவாங்க. யாராவது எடுக்கணுமில்ல?"

"அவர் எடுக்க மாட்டாரா?"

"எப்படி எடுப்பான்? அவனுக்குன்னு இந்த உலகத்துல யாருமே கிடையாது. பாவம்."

"தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டாருன்னீங்க..."

பின்னல் ஊசிகள் மேஜை மேல் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கப்பட்டன.

"உக்காரு," என்றாள் பேர்ல்.

கார்லீன் உட்கார்ந்தாள்.

"கப்பல் கம்பெனி அவனுக்கு மாசாமாசம் முதுகுக்குப் பணம் போடும். சாகற வரைக்கும். நல்ல பணம். படியில விழுந்தான்னு வெச்சுக்கோயேன். அவன் செத்துட்டான்னு ஊருக்குச் சொன்னா யாருக்கு லாபம்? அதனால சொல்லலை. போன் பில்லு கட்டினேன். தவணை கட்டினேன். ஓட்டுப் பட்டியல்ல பேர் விடாம பார்த்துக்கிட்டேன். பில்லு ஒழுங்கா கட்டற வரைக்கும் ஒரு மனுஷனை யாரும் தேட மாட்டாங்க, தெரியுமா உனக்கு?"

கார்லீன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள்.

"இப்ப நீ என்ன பண்ணுவேன்னா, அந்த ஆபீசருகிட்ட போய், 'ஆமா, அவர் என்கூடத்தான் இருக்காரு'ன்னு ஒத்துக்குவ. குத்தம் ஒத்துக்கிட்டா ஃபைலை மூடிடுவாங்க. வாங்கின பணத்தைக் கொஞ்சம் கொஞ்சமா கட்டச் சொல்லுவாங்க. நான் உனக்கு வாடகையைக் குறைச்சுக்கறேன்."

"பொய் சொல்லச் சொல்றீங்களா?"

பேர்ல் சிரித்தாள். பஞ்சு முடி ஆடியது.

"பொய்யே இல்ல கண்ணு. அவன் இங்கதான் இருக்கான்."

"எ... எங்க?"

பேர்லின் பார்வை கீழே இறங்கியது. சமையலறைத் தரையில், அடுப்புக்கும் ஜன்னலுக்கும் நடுவில், மற்ற இடத்தைவிட மழமழப்பாக இருந்த சிமென்ட்டின் மீது நின்றது. லூயி தினமும் பொம்மைக் கார் ஓட்டி விளையாடும் இடம்!

கார்லீன் கால்களைத் தரையிலிருந்து இழுத்துக்கொண்டாள்.

"நான்... போலீசுக்குப் போவேன்..."

"போ. தாராளமா போ. ஏற்கெனவே உதவித்தொகை மோசடிக்காரின்னு பேர் வாங்கினவ. நீ குடியிருக்கற வீடு. நீ நடக்கற தரை. செத்தவன் உன்னோட ஆளுன்னு சர்க்கார் கம்ப்யூட்டரே சொல்லுது. யாரைப் புடிப்பாங்க? சொல்லு பார்க்கலாம்."

உண்மையைச் சொன்னால் கொலைகாரி. பொய்யைச் சொன்னால் மோசடிக்காரி. எதுவும் சொல்லாவிட்டால், வெள்ளிக்கிழமை குழந்தைகள் இல்லை.

"ஆபீஸ் இன்னும் மூடியிருக்க மாட்டாங்க. இப்பவே போயிட்டு வந்துடு," என்றாள் பேர்ல். பிறகு, மாடிப்படியைப் பார்த்து, தேன் ஒழுகும் குரலில் சொன்னாள். "பொடிசுங்களைப் பத்திக் கவலைப்படாத. நான் பாத்துக்கறேன்."

* * *

"ஒத்துக்கறேன்," என்றாள் கார்லீன்.

ஒலிப்பதிவுக் கருவியின் சிவப்புக் கண் எரிந்தது.

ஹோல்ராய்ட் பேனாவின் மூடியைக் கழற்றினார். முகத்தில் வெற்றி எதுவும் இல்லை. ஆயாசம்தான் இருந்தது.

"கெல்வின் மாசன் உங்க விலாசத்துலதான் இருக்காரு. சரியா?"

"சரி."

"எப்பவிலிருந்து?"

"நான் குடி வர்றதுக்கு முந்தியிலிருந்தே."

பேனா நின்றது.

"இப்ப எங்க இருக்காரு?"

கார்லீன் கருவியைப் பார்த்தாள். அந்தச் சின்ன அறை, அந்தப் பெட்டி... தான் சொல்வது ஓர் எழுத்துகூட அழியாமல் நிற்கப் போகிற ஒரே இடம் இதுதான் என்று அவளுக்குத் தோன்றியது.

"சமையல்கட்டுல. சிமென்ட்டுக்கு அடியில."

"மிஸ் ஸ்டப்ஸ்..."

"அவர் போன் எங்க வீட்டுக்காரி பையில அடிச்சுது சார்! பார்சல் கொண்டு வர்ற பெவ்வைக் கேளுங்க! அவருக்கு வர்ற பார்சலையெல்லாம் அந்தம்மாதான் வாங்குவாங்களாம். என் குழந்தைங்க இப்ப அவகூட இருக்காங்க... நான் வேணா ஜெயிலுக்குப் போறேன். மோசடின்னு போடுங்க, கொலைன்னு போடுங்க, எங்க வேணா கையெழுத்துப் போடறேன். முதல்ல என் குழந்தைங்களை அந்த வீட்டை விட்டு வெளிய கொண்டாங்க!"

ஹோல்ராய்ட் கம்ப்யூட்டர் திரையைத் தன் பக்கம் திருப்பினார். கெல்வின் மாசனின் விவரங்களை மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாக ஓட விட்டார்.

நெற்றியில் மெல்ல ஒரு கோடு விழுந்தது.

"உங்க தெருவுல எத்தனையோ பேரோட கணக்கை நான் பார்த்திருக்கேன்," என்றார், தனக்கே சொல்லிக்கொள்வது போல. "ஒருத்தர்கூட தவணை தவறாம இருந்ததில்ல. கிறிஸ்துமஸ் மாசம் தவறும். குளிர்காலத்துல தவறும். இந்தாளு ஒரு தடவைகூட..."

"சார்!"

"கடன் அட்டை தேய்ச்சதெல்லாம் காலை நேரம். அந்த நேரத்துல நீங்க ஃபேக்டரியில இருந்தீங்க. ஃபேக்டரியோட வேலை நேரக் கணக்கையும் நாங்கதான் வாங்கி வெச்சிருக்கோம். ரெண்டும் ஒரே ஃபைல்ல இருக்கு. நான் சேர்த்துப் பார்க்கலை... உயிரோட இருக்கறவன் இவ்ளோ ஒழுங்கா இருக்க மாட்டான்."

அவர் கை தொலைபேசிக்குப் போனது.

"போலீஸ்? உடனே வண்டி அனுப்புங்க. ரெண்டு சின்னக் குழந்தைங்க..."

* * *

கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

போலீஸ்காரரின் தோள் ஒரே மோதலில் அதைத் திறந்தது. கார்லீன் அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தாள்.

"பெத்தனி! லூயி!"

பதில் இல்லை.

சமையலறை நாற்காலியில் பேர்ல் பின்னிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். போலீஸ். ஹோல்ராய்ட். மறுபடியும் போலீஸ்.

"இத்தனை பேரா? டீத்தண்ணி பத்தாதே," என்றாள்.

"குழந்தைங்க எங்க?"

ஊசிகள் மட்டும் ஓடின.

கார்லீன் மாடிப்படியில் தடுக்கி விழுந்து எழுந்து ஓடினாள். படுக்கையறைக் கதவைத் தள்ளினாள்.

தரையில் இருவரும் கிடந்தார்கள். பக்கத்துப் பக்கத்தில். கண்கள் மூடி, கைகள் மார்பின் மேல் மடித்து...

அவள் மண்டியிட்டு, பெத்தனியின் கன்னத்தைத் தொட்டாள். சூடாக இருந்தது!

ஒரு கண் திறந்தது.

"அம்மா, பேசாத! தோத்துடுவேன்! யார் ரொம்ப நேரம் செத்த மாதிரி படுக்கறாங்களோ அவங்களுக்கு சாக்லேட்னு மிஸஸ் ஆட்கின் சொன்னாங்க."

கார்லீன் இருவரையும் வாரி அணைத்தாள். எலும்பு நொறுங்கும் அளவுக்கு.

"நான் ஜெயிச்சேன்! நான் கண்ணே திறக்கலை!" என்றான் லூயி, அவள் தோளுக்குள்ளிருந்து.

கீழே கடப்பாரை முதல் முறையாகச் சிமென்ட்டில் இறங்கும் சத்தம் கேட்டது.

* * *

கெல்வின் மாசன் அங்கேதான் இருந்தார்.

மண்டையின் பின்பக்கம் உடைந்திருந்தது. படியில் விழுந்தால் அப்படி உடையாது என்றார் டாக்டர். ஒரு முறை விழுந்தால் அத்தனை இடத்தில் உடையாது என்றும் சொன்னார்.

பேர்ல் ஆட்கின் விலங்கோடு வண்டியில் ஏறும்போது ஒரே ஒரு விஷயத்துக்காகத்தான் கோபப்பட்டாள். பின்னல் ஊசிகளை அவளிடம் கொடுக்க மறுத்துவிட்டார்கள்.

வீட்டுக்குப் போலீஸ் முத்திரை வைத்தது. கார்லீனும் குழந்தைகளும் நகராட்சி பிடித்துக்கொடுத்த தங்கும் விடுதியின் ஒற்றை அறைக்கு வந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே கடல் தெரிந்தது. கட்டிலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று லூயி தினமும் குனிந்து பார்த்துவிட்டுத்தான் படுத்தான்.

ஹோல்ராய்ட் அங்கே வந்தார். தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டு நின்றார்.

"உதவித்தொகையைத் திரும்பப் போடச் சொல்லிட்டேன். பாக்கியும் சேர்ந்து வரும்."

"மன்னிப்பு?"

"அதுக்கு... தலைமை அலுவலகம் அனுமதி குடுக்கணும்."

"குடுப்பாங்களா?"

ஹோல்ராய்ட் இருமினார்.

"அங்க ஒரு சின்ன சிக்கல். 'கம்ப்யூட்டர் தப்பா சொல்லிடுச்சு'ன்னு எழுதி அனுப்பினேன். திருப்பி அனுப்பிட்டாங்க. 'அந்த விலாசத்துல ஓர் ஆண் இருக்கிறான்னு கம்ப்யூட்டர் சொன்னது, தோண்டிப் பார்த்ததுல ஆளும் இருந்தான். இதுல தப்பு எங்க இருக்கு?'ன்னு கேக்கறாங்க."

கார்லீன் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

பிறகு, அந்த வாரத்தில் முதல் முறையாகச் சிரித்தாள்.

"அவங்க கேக்கறது நியாயம்தான் சார். வீட்டுச் செலவுக்கு ஒரு காசு குடுக்கலை, ஒரு தட்டு கழுவலை, குழந்தை கத்தினா என்னன்னு எழுந்து வந்து கேக்கலை, படுத்த இடத்தை விட்டு அசையவும் இல்ல... அவனைப் போய் என் புருஷன்னு நினைச்சதுல உங்க கம்ப்யூட்டர் மேல தப்பே சொல்ல முடியாது!"